விதைக்கு விட்ட காய்

1

ஊருக்குப் போய்விட்டு இந்தக் கப்பலில் திரும்பிய ஒருவர், நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வற்றல் பொட்டலத்தையும் ஒரு கேள்வியையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். இரண்டுமே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் கொழுந்தனார் கொடுத்தனுப்பியவை. சுண்டை வற்றல் அருமையாக இருந்தது. கேள்வி பழைய கேள்விதான்.

"மதினிகிட்டக் கேட்டுட்டு வாங்க. எப்பதான் ஊரு வந்து சேருவாகளாம்?"

கேட்பதில் தப்பில்லை. மூன்றே வருஷம், போனதும் தெரியாது வந்ததும் தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினோம். இந்த மாசியோடு பத்து வருஷம் ஆகிறது. சொன்ன வாயைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

நாங்கள் இருப்பது அந்தமானில் லாங் ஐலண்ட். பெயரில்தான் நீளம், ஊர் என்னவோ கைக்குட்டை அளவு. போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலை போட்டில் கிளம்பினால் பொழுது சாயும்போது இங்கே வந்து இறங்கலாம். காட்டு மரத்தை அறுத்துக் கப்பலேற்றும் வேலைத்தளத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஃபிட்டர். பலகை வீடு, தகரக் கூரை, வரிசையில் கடைசி வீடு. கடைசி வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் காலி மண். அந்த மண்ணைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

உங்களுக்கு மாசி எப்படியோ, எங்களுக்கு இதுதான் சொர்க்கம். வருஷத்தில் முக்கால்வாசியும் மழையில் ஊறிக் கிடப்பவர்கள் நாங்கள். தீப்பெட்டி நமுத்து, செருப்பில் பூசணம் பூத்து, துவைத்த துணியை அடுப்புக்கு மேல் உலர்த்தி, ஒருவழியாக மார்கழி பிறந்தால் வானம் வெளுக்கும். தை, மாசியில் விடியற்காலை தகரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டும். போர்வையை முழங்கால்வரை இழுத்துக்கொள்ளலாம். அதுதான் எங்கள் குளிர்காலம், சிரிக்காதீர்கள்.

இன்று காலை எழுந்ததும் பழைய சேலைக் கரையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொழுந்தனார் கேள்வி ராத்திரி பூராவும் மனசில் உருண்டுகொண்டிருந்தது. அந்தத் துணியை இந்த வருஷம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அவரைப் பந்தலுக்கு அடியில் குனிந்தேன். குனிந்தவள் அப்படியே நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். பல் விளக்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடி வந்தார்.

ஏன் சிரித்தேன் என்று சொன்னால், அதுதான் கொழுந்தனாருக்கும் பதில். ஆனால் அதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2

எங்கள் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை. மீன் சாப்பிடாதவர்களைக் கொண்டுபோய்ச் சுற்றிலும் மீன் மட்டுமே இருக்கிற தீவில் விட்டால் என்ன ஆகும்? வந்த புதிதில் கடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருக்கும். கப்பல் பிந்தினால் வெங்காயம் மட்டும் இருக்கும். இன்னும் பிந்தினால் கடைக்காரர் மட்டும் இருப்பார்.

எனக்கு எல்லாவற்றையும் விட அவரைக்காய்மேல்தான் ஆசை. இளசாக நாலு அவரையை நாரெடுத்து, பொடியாக அரிந்து, தேங்காய் துருவிப்போட்டு ஒரு பொரியல் வைத்தால் எனக்கு வேறு கறியே வேண்டாம். இங்கே தேங்காய்க்குப் பஞ்சமில்லை, காலில் இடறும். அதற்குத் துணையாக ஒரு அவரை கிடையாது.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய அவரைப் பந்தல் இருந்தது. இருந்தது என்று நீட்டி முழக்குகிறேனே தவிர, அது என் மாமியாரின் பந்தல். அவர் பறித்துப் போட்டால்தான் உண்டு. முதல் காய் கோயிலுக்கு, அடுத்தது சம்பந்தி வீட்டுக்கு, அதற்கடுத்தது மூத்த ஓர்ப்படிக்கு. எனக்கு வரும்போது காய் முற்றி நாராகியிருக்கும். எனக்கென்று ஒரு முழ மண் அந்த வீட்டில் இருந்ததில்லை. இருந்தாலும் இங்கே வந்ததும் நான் ஏங்கினது அந்தப் பந்தலை நினைத்துத்தான். மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது.

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதையை முதல் வருஷம் ஆடியில் போட்டேன். அவரை என்றால் ஆடியில்தானே? ஊரில் அப்படித்தானே? ஊரில் ஆடியில் தூறல். இங்கே ஆடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பாதி விதை அழுகியது. மிச்சம் முளைத்ததை நத்தை தின்றது. நத்தை என்றால் நம் ஊர் நத்தை இல்லை. உள்ளங்கை அளவு, ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒரு பாத்தியையே வழித்துவிட்டுப் போகும். அடுத்த வருஷத்துக்கு அம்மா பார்சலில் விதை அனுப்பினாள். அது கப்பலுக்காக மதறாஸில் கிடந்து, பிறகு போர்ட் பிளேரில் கிடந்து, என் கைக்கு வந்தபோது உள்ளே விதை இல்லை. விதை தின்ற வண்டுகள்தான் கொழுகொழுவென்று இருந்தன.

அன்றைக்கு அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"ஏட்டி, அவரைக்கா அழுத?"

"அவரைக்கில்ல, எனக்குத்தான். இந்த மண்ணுல எனக்குப் பிடிச்சது ஒண்ணும் முளைக்காது. சொல்லிட்டேன், கேட்டுக்கிடுங்க. உங்க அக்ரிமெண்டு முடியுததுக்குள்ள இங்க ஒரு அவரைக்கொடி காய்ச்சா நான் இருக்கேன். இல்லாட்டி மூணாவது வருஷம் மாசிக் கப்பல்ல பிள்ளையத் தூக்கிட்டு ஏறிருவேன். நீங்க வந்தா வாங்க."

அவருக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். ஊரில் பஸ் ஷெட்டில் அடுத்தவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இங்கே ஒரு மெஷின் நின்றால் "மிஸ்திரி சாப்பைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்புகிறார்கள். சாப் என்றால் ஐயா. நடையே மாறிப்போயிருந்தது. அதை நான் ஒரு அவரைக்காயின் தலையில் வைத்துக் கட்டிவிட்டேன்.

3

இனிமேல்தான் வெட்கக்கேடு.

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி மாலதி தீதி இருந்தாள். தீதி என்றால் அக்கா. இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அவள் தம்பி பக்கத்துத் தீவில் ரங்கத் என்கிற ஊரில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் பயிர் வைத்திருந்தான். அவளுக்கோ வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் கிடையாது, முன்னும் பின்னும் பாறை. என் பெயர் செண்பகம் அவள் வாயில் நுழையாமல் 'சம்பா' ஆகிவிட்டது. நெல்லுப் பேரை எனக்கு வைத்துவிட்டாள் என்று முதலில் கோபம், பிறகு பழகிவிட்டது.

முதல் வருஷம் ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், கையில் ஏதோ துணி முடிச்சோடு வந்தாள்.

"சம்பா, சேம் கா பீஜ் ஹை. லேகி?"

பீஜ் என்றால் விதை, லேகி என்றால் வாங்கிக்கொள்கிறாயா என்று எனக்குத் தெரியும். சேம்? சேம்புதானே! வாய்க்கால் ஓரத்தில் யானைக் காது மாதிரி இலை விரித்துக்கொண்டு நிற்குமே, அது. இந்தத் தீவில் எங்கே கால் வைத்தாலும் காட்டுச் சேம்புதான். சின்ன வயசில் அரைவேக்காட்டுச் சேம்பைத் தின்றுவிட்டு நாக்கு வீங்கி, மூன்று நாள் மோரைத் தவிர வேறொன்றும் இறங்காமல் கிடந்தவள் நான். எனக்குப்போய்ச் சேம்பு விதையா? சேம்புக்கு ஏது விதை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன். யோசிக்கிறவளா நான்?

அப்போது எனக்கு ஹிந்தியில் தெரிந்த பத்துச் சொல்லில் 'குஜ்லி'யும் ஒன்று. அரிப்பு. மழைக்காலத்தில் கொசுவும் அட்டையும் கற்றுக்கொடுத்த சொல். அதைப் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"நஹி, நஹி! குஜ்லி! குஜ்லி!" என்று நாக்கை நீட்டி, கழுத்தைச் சொறிந்து, நடித்தே காட்டினேன்.

மாலதி தீதியின் முகம் சுருங்கிப்போனது. முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஐப்பசியிலும் வந்தாள். "அப் டீக் ஹை?" இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டாள். நான் மறுபடியும் "குஜ்லி!" என்றேன். சேம்பு எப்படிச் சரியாகும்?

அதற்குப் பிறகு பொதுக் குழாயில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் கொஞ்சம் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள். மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன், கேளுங்கள் கூத்தை. ஒரு நாள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வீடு தேடி வந்து, வெள்ளைக் களிம்பு ஒரு டப்பா கொடுத்து, ராத்திரி பூசிக்கொண்டு படுக்கச் சொன்னார். எனக்கு எதற்கு என்று கேட்டால், "ஷரம் மத் கரோ, பஹன்" என்கிறார். வெட்கப்படாதே தங்கச்சி! லாங் ஐலண்ட் முழுக்க எனக்குச் சொறி என்று பேச்சு. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்த டப்பாவை அவர்மேல் எறிந்தேன்.

4

மூன்றாவது வருஷம் ஆடியில் போடுவதற்கு என்னிடம் ஒரு விதை இல்லை. மனசுக்குள் கப்பல் ஏறியாகிவிட்டது. டிரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்து, உள்ளே நாப்தலின் உருண்டைகூடப் போட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியில் மாலதி தீதி மூன்றாம் தடவையாக வந்தாள். ஒரு கையில் வேப்பிலை அரைத்த கிண்ணம். இன்னொரு கையில் அதே துணி முடிச்சு. வாசலில் நின்றுகொண்டு, நிதானமாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். வேப்பிலையைப் பூசிக்கொள். இந்த விதையைத் தொடவேண்டாம், தூரத்திலிருந்து பார், பார்த்தாலே அரிக்கிறதா சொல். அரிக்காவிட்டால் உன் வேலியோரமாக நானே ஊன்றிக்கொள்கிறேன். நீ கிட்டே வரவேண்டாம். எனக்கு மண் இல்லை, சம்பா. மூன்று வருஷமாக இது உன் மண்ணுக்காகக் காத்துக்கிடக்கிறது.

சொல்லிக்கொண்டே எட்ட நின்று முடிச்சை அவிழ்த்தாள்.

கறுப்பு விதை. ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, மையிட்ட கண்ணுக்கு மேல் விபூதி தீற்றின மாதிரி. அதைப் பார்த்துத் தெரியாதவள் எங்கள் பக்கத்தில் உண்டா?

"ஐயோ! அவரை!" என்று நான் போட்ட கூச்சலில் கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்துவிட்டது. அரிப்பு முற்றிவிட்டது என்று நினைத்து ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, விதையை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். "யே சேம்? யேஹீ சேம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஹா(ன்), சேம்! ஹமாரா ஷீம்!" என்கிறாள் அவள். ஹிந்திக்காரர்களுக்கு சேம், அவர்கள் பாஷையில் ஷீம், எனக்கு அவரை. மூன்று வீடு தள்ளியிருந்துகொண்டு இரண்டு பொம்பளைகள் ஒரே காய்க்காக மூன்று வருஷம் ஏங்கியிருக்கிறோம். அவள் அதை மீனோடு சமைப்பாளாம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

வாய்க்கால் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேம்பு இலையைக் காட்டி, நாக்கை நீட்டி, கழுத்தைச் சொறிந்து, "இதுக்குத்தான் குஜ்லி!" என்றேன். அவள் அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். சாயங்காலத்துக்குள் குழாயடியில் என் சொறி குணமாகிவிட்டது.

5

ஐப்பசியில் ஊன்றினால் அழுகாதா என்று கேட்டேன். மழை முடிகிற சமயம்தான் இங்கே அவரைக்குக் காலம், மண் காயக்காய நத்தையும் ஓட்டுக்குள் போய்த் தூங்கிவிடும் என்றாள். தம்பி வயலில் அப்படித்தானாம். தீவுக்கு வந்து மூன்றாவது வருஷத்தில்தான் தீவின் பஞ்சாங்கம் எனக்குப் பிடிபட்டது.

அந்தக் குளிர்காலம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்த காலம் அதற்கு முன்னால் கிடையாது. மரம் இழுக்கிற யானைகள் குளித்துவிட்டுப் போகிற வழியில் கூடையோடு நின்று லத்தி பொறுக்கினேன். ஊரில் யானை ஆசீர்வாதம் பண்ணினால் காசு கொடுப்போம். இங்கே யானை எனக்கு எரு போட்டுவிட்டுப் போனது. மூங்கில் நட்டுப் பந்தல் போட்டார் வீட்டுக்காரர். ஃபிட்டர் போட்ட பந்தல் இல்லையா, மட்டம் பார்த்து, நட்டு போல்ட்டு மட்டும்தான் குறை. மான் நுழையாமலிருக்க மாலதி தீதி பழைய மீன்வலை ஒன்று கொண்டுவந்து சுற்றிக் கட்டினாள். மீன் நாற்றமடிக்கிற வலைக்கு உள்ளே சைவ அவரை!

அவரை ஏறும்வரை சும்மா இருப்பானேன் என்று கத்தரி, மிளகாய், தண்டங்கீரை எல்லாம் போட்டேன். விடிந்ததும் தோட்டம். மில் சங்கு ஊதினால் அடுப்படி. சமைத்து அனுப்பிவிட்டு மறுபடி தோட்டம். பனி காய்வதற்குள் இலைமேல் அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும், ஈரத்தில்தான் ஒட்டும். அசுவினிப் பூச்சிக்கு அதுதான் மருந்து. நாலு வயசைத் தாண்டியிருந்த என் மகள் மல்லிகா சாம்பலைத் தன் தலையிலும் தூவிக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் ஓடையிலிருந்து மாலதி தீதியும் நானும் மாற்றி மாற்றித் தண்ணீர் கொண்டுவருவோம். கைநிறைய மண்ணோடு கடல்காற்றில் உட்கார்ந்து ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயா குடித்தால் அடடா, அந்தச் சுகத்தை எழுதத் தெரியவில்லை.

தை நடுவில் பூத்தது. ஊதாப் பூ. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கண் பட்டுவிட்டதோ என்னவோ, மூன்றாம் நாள் எல்லாப் பூவும் தரையில். அடுத்த கொத்தும் அப்படியே. மாசி பிறந்துவிட்டது. மாசிக் கடைசியில் கப்பல். ஆபீஸில் வேறு கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்: இன்னொரு மூன்று வருஷம் இருக்கிறீர்களா, அல்லது ஊருக்குப் போகக் கப்பலில் இடம் போடட்டுமா? வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் நேரே பந்தலுக்கு அடியில் போய் அண்ணாந்து நிற்பார். பிறகு போய்க் கை கால் கழுவுவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பூ நிக்கலியே" என்றார் ஒரு நாள்.

"நிக்கும், சும்மா கெடங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காய்க்காவிட்டால் ஊருக்குப் போகலாம் என்று பந்தயம் கட்டினவள் நான். பூ நிற்க வேண்டும் என்று இப்போது சாமி கும்பிடுகிறவளும் நான்தான்.

6

அப்புறம் ஒரு காலை. சாம்பலோடு போனவள் ஒரு கொத்தை ஒதுக்கிப் பார்த்தால், உள்ளே, நகக்கண் அளவில் பச்சைப் பிறை. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. பத்து நாளில் பந்தல் முழுக்கத் தொங்கியது.

முதல் காயைக் கோயிலுக்கும் அனுப்பவில்லை, சம்பந்திக்கும் அனுப்பவில்லை. பறித்ததைத் தரையில் கொட்டிச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மாலதி தீதி மடியில் போட்டேன். அவள் மீனோடு வைத்தாள். நான் தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தேன். சட்டியோடு வைத்துக்கொண்டு தின்றேன், பொய் எதற்கு?

அன்றைக்கு வீட்டுக்காரர் பிந்தி வந்தார். இலையில் அவரைக்காயைப் பார்த்தார். ஒரு வாய் வைத்தார்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். மாசிக் கப்பல்ல நம்ம மூணு பேருக்கும் இடம் போடச் சொல்லிட்டேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எப்ப சொன்னீங்க?"

"ரெண்டு வாரமாச்சு. பூவு எல்லாம் கொட்டுனப்பவே முடிவு பண்ணிட்டேன். காய்ச்சாலும் காய்க்காட்டாலும் உன்ன இங்க வச்சுக் கஷ்டப்படுத்தக் கூடாது. பஸ் ஷெட்டுல கேட்டா மறுபடி சேத்துக்கிடுவான்." முகத்தை இலையிலிருந்து எடுக்கவே இல்லை.

இருப்போம் என்று வாய்விட்டுச் சொல்ல ரோஷம். அழுது புரண்டு ஊருக்குப் போக ஒற்றைக்காலில் நின்றவள் எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் விதைக்கு விடுகிற காயில் துணி கட்டுவோம். கொடியில் நன்றாகத் தடித்த காயாக மூன்று நாலு பார்த்து, காம்பில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் அது விதைக்கு, யாரும் பறிக்கக்கூடாது. அது கொடியிலேயே முற்றி, காய்ந்து, குலுக்கினால் சலசலக்க வேண்டும். என் கல்யாணச் சேலைக்கு எடுத்த ரவிக்கையின் கையைக் கிழித்தேன். பந்தலில் முன்பக்கமாக, வாசலில் நுழைகிறவர் கண்ணில் படுகிற இடத்தில், கட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றாமல் பந்தலுக்கு அடியில் போனார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, இங்க வா. இது என்னத்துக்குத் துணி?"

"தெரியாதா? விதைக்கு விட்டிருக்கு."

"விதை எப்ப முத்தும்?"

"பங்குனிக் கடைசி ஆவும்."

"கப்பலு மாசியில்லா?"

"அதுக்கு நான் என்ன செய்ய? கொடிகிட்டச் சொல்லிப் பாருங்க."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் குலுங்கியது. நான் கிட்டே போய் அவர் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டேன்.

ஆபீஸில் கப்பல் இடம் போடுகிற சாப்பை நினைத்துத்தான் பயம். மலையாளக்காரர், கறாரானவர். போட்ட இடத்தை வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அவரைக்காயா? அதென்ன சாதனம்?" என்று நிமிர்ந்திருக்கிறார் அவர். இவர் கையால் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறார்.

"ஓ! அமரய்க்கா!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். அவர் ஊரில் அவரைக்கு அதுதான் பெயராம். "சரி, கேன்சல் பண்ணித் தராம். வித்து முற்றினால் எனக்கும் ரெண்டு தரணும், கேட்டோ?"

ஒரு கப்பல் இடத்தை அவரை விதை கொடுத்து ரத்துப் பண்ணின குடும்பம் இந்தியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

7

அந்த வருஷம் பங்குனியில் விதை முற்றியது. முற்றினதை அடுத்த ஐப்பசியில் ஊன்றாமல் இருக்க முடியுமா? ஊன்றினதைக் காய்க்காமல் விட்டுப் போக முடியுமா? காய்த்தால் விதைக்கு விடாமல் இருக்க முடியுமா? மாசிக் கப்பல் ஒவ்வொரு வருஷமும் ஊதிவிட்டுத்தான் போகிறது. எங்கள் கொடியில் ஒவ்வொரு வருஷமும் சிவப்புத் துணி தொங்குகிறது. இப்போது இந்தத் தீவில் அவரை இல்லாத வேலி குறைவு. எல்லாம் மாலதி தீதி முடிச்சிலிருந்து வந்ததுதான். அவள் இரண்டு வருஷம் முன்னால் ரங்கத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். போட் வரும்போதெல்லாம் அங்கிருந்து எனக்கு ஒரு பூசணியோ சுரையோ வரும். மேலே கரியால் 'சம்பா' என்று வங்காளியில் எழுதியிருக்கும்.

ஒரே ஒரு குறை உண்டு. மல்லிகாவுக்கு இப்போது பன்னிரண்டு வயசு நடக்கிறது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான். கூட்டாளிகளோடு ஹிந்தி. கணக்குப் போடுவது ஹிந்தி. தூக்கத்தில் யாரோடோ சண்டை போடுகிறாள், அதுவும் ஹிந்தியில். அவரையை வாய் தவறிக்கூட அவரை என்று சொல்லவே மாட்டாள். "மா, ஆஜ் சேம் பொரியலா?" என்பாள். "அவரைன்னு சொன்னா வாய் கோணிருமாட்டி?" என்று நானும் தினமும் கத்துகிறேன். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிள்ளை ஒழுங்காகத் தமிழ் பேசியிருக்குமே என்று சில சமயம் தோன்றும். நேற்றுக் கொழுந்தனார் கேள்வி வந்ததிலிருந்து இதே யோசனைதான். இந்த வருஷம் துணி கட்டவேண்டாம். எல்லாக் காயையும் பறித்துத் தின்றுவிட்டு, ஒரு விதைகூட மிச்சம் வைக்காமல், பேசாமல் கப்பல் ஏறிவிடுவோமா? இந்த எண்ணத்தோடுதான் காலையில் கிழித்த துணியும் கையுமாகப் பந்தலுக்கு அடியில் போனேன்.

முன்பக்கம், வாசலில் நுழைகிறவர் கண்ணில் படுகிற அதே இடத்தில், ஏற்கெனவே கட்டியிருந்தது. சிவப்பு ரிப்பன். மல்லிகாவின் பள்ளிக்கூட ரிப்பன். நல்ல தடித்த காயாக நாலு பார்த்து, காம்பு நோகாமல், என்னைவிட நன்றாகவே முடிச்சுப் போட்டிருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தேன். சத்தம் கேட்டு ஒற்றைச் சடையோடு மல்லிகாவும் ஓடி வந்தாள். யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று கேட்டேன். கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மா, அது பீஜுக்கு விட்டிருக்கு. நீ பறிச்சிராத."

பாதி ஹிந்தி, பாதி தமிழ். எனக்கு முழுசாக விளங்கியது. வீட்டுக்காரர் வாயில் பல்பொடியோடு அந்த ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

கையில் இருந்த துணியைச் சும்மா வைத்துக்கொள்வானேன், கத்தரியில் ஒரு காய் பார்த்து அதற்குக் கட்டிவிட்டேன். கொழுந்தனாருக்கு அடுத்த கப்பலில் சொல்லி அனுப்புகிறேன்: வற்றல் நன்றாக இருந்தது. ஊருக்கு வர இந்த மாசியில் தோதுப்படாது. பிள்ளை விதைக்கு விட்டிருக்கிறாள்.